தாய்க்குப் போட்ட தடுப்பூசி பிள்ளைக்கும் சேருமா? சேர்ந்தால் எத்தனை நாளைக்கு?

கேள்வி: காங்கயம் தோட்டத்துக்காரர்

வணக்கமுங்க. மருமகளுக்கு ஏழாவது மாசம் நடக்குது. எங்க வீட்டுல அப்பாரு காலத்துல இருந்தே யாரும் ஊசி தவற விட்டதில்லை. பையனுக்கும் மருமகளுக்கும் சின்ன வயசுல அட்டைப்படி எல்லாமே போட்டாச்சு. இப்ப சொந்தக்காரங்க சிலர், “அப்பன் அம்மா உடம்புல இருக்கற எதிர்ப்பு பிள்ளைக்கு ரத்தத்துலயே வந்துருமே, மூணு தலைமுறை போட்டாச்சு, பச்சைப் புள்ளைக்கு எதுக்கு இத்தனை ஊசி குத்தோணும்?”னு கேக்கறாங்க.

மாட்டு டாக்டரைக் கேட்டா, கன்னுக்குட்டிக்கு எதிர்ப்பு சீம்பால்லதான் வருதுங்கறாரு. மனுசப் புள்ளைக்கும் அப்படித்தானுங்களா, இல்லை வயித்துலயே வந்துருமா? வந்துருதுன்னா, தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஏன் 9 மாசம் காத்திருக்கறாங்க, மத்ததை ஏன் 6 வாரத்துலயே ஆரம்பிக்கறாங்க? மருமகளுக்கு இப்ப என்ன போட்டா பிள்ளைக்கு உதவும்? காரணத்தோட சொன்னீங்கன்னா வீட்டுல எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும்.

பதில் 1: நோயெதிர்ப்பியல் ஆசிரியர், கோவை

பரம்பரையாக வராதுங்க. தாயிடமிருந்து சில மாதங்களுக்கு மட்டும் வரும். தகப்பனிடமிருந்து எதுவும் வராது.

தடுப்பூசி போட்டதும் உடம்பில் இரண்டு நடக்கிறது. ஒன்று, கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவு அணுக்கள் உருவாகின்றன. இன்னொன்று, வேறு சில வெள்ளையணுக்கள் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) செய்து ரத்தத்தில் விடுகின்றன. எதிர்ப்புரதம் செய்யும் வெள்ளையணு தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி வரிசை மாற்றிக்கொள்கிறது. இதை 1976இல் காட்டியவர் ஜப்பானிய அறிவியலாளர் சுசுமு டோனெகாவா, அதற்கு 1987இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த வெட்டி ஒட்டும் வேலை அந்த வெள்ளையணுவுக்குள்ளேயே நடந்து அங்கேயே முடிகிறது. கருமுட்டையிலும் விந்தணுவிலும் இருக்கும் மரபணுவை அது தொடுவதில்லை. அதனால் மூன்று தலைமுறை என்ன, முப்பது தலைமுறை ஊசி போட்டாலும் பிறக்கும் பிள்ளையின் அணுக்களுக்கு அந்தக் கிருமி புதுசுதான்.

தாய் கொடுப்பது எதிர்ப்புரதத்தை மட்டும். அதைச் செய்யும் அணுக்களை அல்ல. பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்புகிற மாதிரி: கட்டுச்சோறு தீரும் வரை பசி இல்லை, ஆனால் பிள்ளை சமைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பவுல் எர்லிக், 1892இல். அவர் எடுத்துக்கொண்ட விஷங்கள் நம் வேலியோரத்தில் இருப்பவைதான்: குன்றிமணி விதையின் அப்ரின், கொட்டமுத்து (ஆமணக்கு) விதையின் ரிசின். எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, விஷத்தைத் தாங்கும்படி பழக்கினார். பிறகு தாங்கும் ஆண் எலியைச் சாதாரணப் பெண் எலியோடு சேர்த்தார். குட்டிகளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தாங்கும் பெண் எலியின் குட்டிகளுக்குச் சில வாரம் பாதுகாப்பு இருந்து, பிறகு மறைந்தது. பேரக்குட்டிகளுக்கு வரவே இல்லை. சாதாரண எலியின் குட்டிகளைத் தாங்கும் எலியிடம் பால் குடிக்க விட்டால், பால் வழியாகவும் பாதுகாப்பு வந்தது. உங்கள் சொந்தக்காரர்களின் கேள்விக்கு 130 வருடத்துக்கு முன்பே செய்து பார்த்த விடை இது.

இனி மனிதக் கணக்கு. எதிர்ப்புரதங்களில் ஐஜிஜி என்ற வகை மட்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டும். ஐஜிஎம், ஐஜிஏ தாண்டாது. அது தானாகக் கசிந்து போவதும் இல்லை, நஞ்சுக்கொடியில் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி அதைப் பிடித்து மறுபக்கம் இறக்கிவிடுகிறது. 13ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்கினாலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. 28 முதல் 32 வாரத்தில் குழந்தையின் அளவு தாயின் அளவில் பாதிக்குப் பக்கம் இருக்கும். நிறைமாதத்தில் தாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைகள் சீக்கிரம் நோய்ப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிறந்த பிறகு அந்த இருப்பு ஏறக்குறைய மாதத்துக்குப் பாதியாகக் குறைகிறது. பிறக்கும்போது 100 என்றால் 1 மாதத்தில் 50, 2 மாதத்தில் 25, 3 மாதத்தில் 12, 4 மாதத்தில் 6. நோய்க்கு நோய், தாய்க்குத் தாய் இது மாறும், ஆனால் போக்கு இதுதான். தாயிடம் தொடக்கத்திலேயே குறைவாக இருந்தால் பிள்ளையின் பாதுகாப்பும் அந்த அளவுக்குச் சீக்கிரம் தீரும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நோயைத் தாங்கும் சில தன்மைகள் உண்மையிலேயே பரம்பரையாக வரும். அரிவாளணுப் பண்பு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளையச் செய்யும் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருப்பது) உள்ளவர்களுக்குக் கடும் மலேரியா எளிதில் வராது. இந்தியாவில் அந்தப் பண்பை முதலில் 1952இல் கண்டறிந்ததே பக்கத்து நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஆனால் அது பிறவியிலேயே மரபணுவில் இருப்பது. ஊசியாலோ நோய் வந்து போனதாலோ உண்டானதல்ல. எலிகளில் வேறு வகை எதிர்ப்புத் தூண்டல் அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்று ஆய்வுகள் நடக்கின்றன. முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதை நம்பி ஒரு குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போட இடமே இல்லை.

பதில் 2: செவிலியர் பயிற்சியாளர், கோபி வட்டாரம்

மேலே ஐயா சொன்ன கணக்குத்தான் அட்டையில இருக்கற ஒவ்வொரு தேதிக்கும் அடிப்படை. மருமகளுக்கு ஏழாவது மாசம்னா முதல்ல டிடி ஊசியைப் பாருங்க. முன்ன டிடின்னா டெட்டனஸ் மட்டும், இப்பப் போடறது டெட்டனஸோட தொண்டை அடைப்பானும் சேர்ந்தது. அளவு 0.5 மில்லி, மேல்கைத் தசையில. கர்ப்பம் தெரிஞ்சதும் முதல் ஊசி, 4 வாரம் கழிச்சு இரண்டாவது. போன பிரசவத்துல இரண்டும் போட்டு 3 வருசத்துக்குள்ள மறுபடி கர்ப்பம்னா ஒரே ஒரு ஊக்க ஊசி போதும். அட்டையில எந்தத் தேதின்னு பாருங்க. “போட்டிருப்பாங்க”ன்னு விட்றாதீங்க. விட்டுப் போயிருந்தா இப்பவே போடலாம், நாள் கடந்துருச்சுன்னு எதுவும் இல்லை. கடைசி ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவுல குறைஞ்சது 2 வாரம் இருக்கோணும். தாய் உடம்பு எதிர்ப்புரதம் செஞ்சு, அது கொடி தாண்டிப் போக அவ்வளவு நாள் வேணும்.

தாய்க்குப் போட்டது பிள்ளைக்குச் சேரும்ங்கறதுக்கு டெட்டனஸைவிடத் தெளிவான சான்று கிடையாது. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியா வர்ற ரண ஜன்னி (டெட்டனஸ்) பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ள வந்துரும். அதுக்குள்ள குழந்தைக்கு ஊசி போட்டு எதிர்ப்பு உண்டாக்க முடியாது. தாயோட எதிர்ப்புரதம் ஒண்ணுதான் வழி. கர்ப்பிணி ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான் 2015இல் இந்தியா இந்த நோயை ஒழிச்ச நாடுன்னு உறுதியாச்சு. ஆனா அந்தக் குழந்தைக்கே 6, 10, 14 வாரத்துல ஐந்து நோய்க்கான பென்டா ஊசி போடாட்டி, ஒரு வயசுல காயம் பட்டா பாதுகாப்பு இல்லை.

கக்குவான் இருமலுக்கு, அந்தப் பாகமும் சேர்ந்த டிடாப் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள்ள போடறாங்க. நம்ம அரசு அட்டையில இது இல்லை, தனியார்ல மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கலாம். ஏழாவது மாசம் இதுக்குச் சரியான நேரம். கக்குவான்ல உயிர் போறது பெரும்பாலும் முதல் 2, 3 மாசக் குழந்தைகளுக்குத்தான், அதனால இது வீண் செலவு இல்லைங்க. ஃப்ளூ ஊசியும் அதே மாதிரி: 6 மாசத்துக்குக் கீழ குழந்தைக்கு நேரடியாப் போட முடியாது, தாய் வழியாத்தான் கொடுக்கோணும். உயிருள்ள கிருமி ஊசிங்க, அதாவது தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை, இதெல்லாம் கர்ப்ப காலத்துல கூடாது. போடறதுன்னா கருத்தரிக்க ஒரு மாசம் முன்ன, இல்லைன்னா பிரசவத்துக்கு அப்புறம். பால் கொடுக்கற அம்மாவுக்குப் போடலாம்.

பிறந்த அன்னைக்கே போடற மூணும் தாய் கொடுக்க முடியாததுக்காகத்தான். பிசிஜி காச நோய்க்கு. அங்க வேலை செய்யறது டி அணுக்கள்ங்கற ஒரு வகை வெள்ளையணு, தாயோட எதிர்ப்புரதத்தால பெரிய பயன் இல்லை. அளவு 0.05 மில்லி, இடது மேல்கைத் தோலுக்குள்ள. ஹெபடைட்டிஸ் பி 24 மணி நேரத்துக்குள்ள. தாய்க்கே அந்தக் கிருமி இருந்து பிரசவத்துல குழந்தைக்குப் போச்சுன்னா, பத்துல ஒன்பது குழந்தைக்கு அது வாழ்நாள் பூராத் தங்கிரும். தாய்க்கு இருக்குன்னு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சா, ஊசியோட 12 மணி நேரத்துக்குள்ள இன்னொரு தொடையில இம்யூனோகுளோபுலினும் (மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த எதிர்ப்புரதம்) போடோணும். மூணாவது போலியோ சொட்டு 2, குடலுக்கு உள்ளயே எதிர்ப்பு உண்டாக்கறதுக்கு.

தாய்ப்பால்ல வர்ற ஐஜிஏ குழந்தையோட வாய், தொண்டை, குடல் சுவர்ல நின்னு கிருமி ஒட்டாமப் பாத்துக்குது. ரத்தத்துக்குள்ள ஏறாது. அதனால வயித்துப்போக்குக்குப் பெரிய தடுப்பு, தட்டம்மைக்கு ஊசிக்கு ஈடாகாது. முதல் சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்தற வழக்கமும், சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கற வழக்கமும் இன்னும் சில வீட்டுல இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள மார்ல போடுங்க. வயித்துப்போக்குக்கான ரோட்டா சொட்டு கொடுக்கற நாள்ல பாலை நிறுத்தவும் வேண்டியதில்லை.

பதில் 3: கால்நடை மருத்துவர், தாராபுரம்

உங்க மாட்டு டாக்டர் சொன்னது முழுக்கச் சரிங்க. மனுசனுக்கும் மாட்டுக்கும் கொடி அமைப்பே வேற. மனுசக் கொடியில தாயோட ரத்தம் குழந்தைப் பக்கத்து அணுக்களை நேராத் தொடும். மாடு, ஆட்டுல நடுவுல அடுக்கு அதிகம், எதிர்ப்புரதம் தாண்டாது. கன்னு பொறக்கறப்ப ரத்தத்துல எதிர்ப்புரதம் கிட்டத்தட்ட இல்லை. ஈனறதுக்கு முந்தின சில வாரத்துல தாய் அதை மடியில சேத்து வைக்குது.

கன்னோட குடல் அந்தப் புரதத்தை முழுசா உறிஞ்சறது முதல் 6 மணி நேரத்துலதான் நல்லா நடக்கும். 24 மணி நேரத்துல வழி அடைஞ்சிரும். அப்புறம் எவ்வளவு குடிச்சாலும் ரத்தத்துல ஏறாது. அளவு, உடல் எடையில பத்துல ஒரு பங்கு. 20 கிலோ கன்னுன்னா 2 லிட்டர், அதுல பாதி முதல் 2 மணி நேரத்துலயே போகோணும்.

நம்ம பக்கம் ரெண்டு தப்பு நடக்குது. “நஞ்சுக்கொடி விழுந்த பின்னாலதான் கன்னை ஊட்ட விடோணும்”னு கட்டி வைக்கறது ஒண்ணு. கொடி விழ 8, 12 மணி நேரம்கூட ஆகும், அதுக்குள்ள பாதி வழி அடைஞ்சு போகுது. கன்னு ஊட்டினாத்தான் கருப்பை சுருங்கிக் கொடியும் சீக்கிரம் விழும். இன்னொண்ணு, முதல் கறவையைப் பூரா அடுப்புல ஏத்தித் திரிச்சுச் சாப்பிடறது. கன்னுக்கு வேண்டியது போக மிச்சத்தை எடுத்துக்கலாமுங்க. காய்ச்சின சீம்பாலைக் கன்னுக்கு ஊத்தறதுல பிரயோசனம் இல்லை, கொதிச்சா எதிர்ப்புரதம் கெட்டுப் போகும். தாய்க்குப் பால் இல்லைன்னா, அன்னைக்கு ஈன்ன வேற மாட்டுச் சீம்பால், நோய் இல்லாத மாடாப் பாத்து, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பா ஆக்கிக் கொடுங்க. வெந்நீர்ல பாத்திரத்தை வெச்சுச் சூடு பண்ணுங்க, நேர் அடுப்புல வேண்டாம்.

அந்தச் சீம்பால் எதிர்ப்பே பின்னால ஊசிக்குக் குறுக்க நிக்கும். கோமாரி ஊசியைக் கன்னுக்கு 4 மாசத்துல ஆரம்பிக்கறது அதனாலதான். ஒரு மாசம் கழிச்சு ஊக்க ஊசி, அப்புறம் 6 மாசத்துக்கு ஒருக்கா. தாய்க்கு ஊசி போட்டிருக்காங்கறதுக்காகக் கன்னைக் கணக்குல சேக்காம விட்டா, 5, 6 மாசத்துக் கன்னுதான் முதல்ல சாகும். பெரிய மாடு நொண்டி எழுந்துக்கும், கன்னுக்கு இதயத் தசை கெட்டுப் பொத்துனு விழும்.

செம்மறி, வெள்ளாட்டுக்கும் இதே வழிதான். துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) ஊசியைச் சினை ஆட்டுக்குக் குட்டி போட 4 முதல் 6 வாரம் முன்ன போட்டா, சீம்பால் வழியாக் குட்டிக்குப் போகும். குட்டிக்குன்னு தனியா 3, 4 மாசத்துல. ஆட்டுக்கொல்லி ஊசியும் 3 மாசத்துக்கு மேல, 1 மில்லி தோலுக்கு அடியில, 3 வருசம் தாங்கும்.

கோழியில மஞ்சக்கரு வழியா வருது. நாமக்கல் பக்கம் பண்ணை வெச்சிருக்கறவங்களுக்கு இது அன்றாடக் கணக்கு. ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்) நோய்க்கான எதிர்ப்பு குஞ்சுல 4, 5 நாளைக்கு ஒருக்கா பாதியாக் குறையும். அதுக்காகத்தான் ஏழாம் நாள் சுமாருக்குக் கண்ணுல, மூக்குல சொட்டு விடறது. கம்போரோங்கற இன்னொரு கோழி வைரஸ் நோய்க்கு இதைவிடச் சிக்கல். ஒரே நாள் குஞ்சுகள்லயே வேற வேற தாய்க்கோழிக் கூட்டத்து முட்டை கலந்திருந்தா, ஒரு பாதிக்கு எதிர்ப்பு தீர்ந்திருக்கும், மறு பாதிக்கு நிறைய இருக்கும். ஒரே தேதியில தண்ணியில கலந்து விட்டா, நிறைய இருக்கறதுக்குத் தடுப்பு மருந்து பலிக்காது. ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் நாள் குறிக்கோணும், சந்தேகம்னா சில நாள் இடைவெளியில ரெண்டு தடவை கொடுக்கோணும்.

மறுகேள்வி: காங்கயம் தோட்டத்துக்காரர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கன்னுக்கு 4 மாசம் காத்திருக்கற காரணமும் தட்டம்மைக்கு 9 மாசம் காத்திருக்கற காரணமும் ஒண்ணுதான்னு புரியுது. அப்ப பென்டா மட்டும் 6 வாரத்துல எப்படிப் பலிக்குது? இன்னொண்ணு, “ஊசி போட்டவளைவிட, தட்டம்மை வந்து போன தாய்தான் பிள்ளைக்கு நல்லது”னு ஒருத்தர் சொல்றாரு, அது நெசமா?

பதில் 4: நோயெதிர்ப்பியல் ஆசிரியர், கோவை

தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு உண்டாகும். தாயின் எதிர்ப்புரதம் சிறிதளவு இருந்தாலும் பெருகும் முன்பே அதைப் பிடித்து அழித்துவிடும். ஊசி போட்டதாக அட்டையில் இருக்கும், உடம்பில் ஒன்றும் இருக்காது. பென்டா உயிரற்றது. அதில் நச்சுத்தன்மை நீக்கிய புரதங்களும் கொன்ற கிருமியும் கிருமித் துண்டுகளும்தான். பெருக வேண்டிய அவசியமில்லை. தாயின் எதிர்ப்புரதம் இருந்தால் முதல் ஊசியின் பலன் கொஞ்சம் மங்கும், முற்றாகப் போகாது. அந்தக் குறையை 10, 14 வார ஊசிகளும் ஒன்றரை வயது ஊக்க ஊசியும் சரிக்கட்டும். அதோடு, கக்குவான் சின்னக் குழந்தையைத்தான் கொல்கிறது, 9 மாதம் காத்திருக்க நேரமில்லை.

தட்டம்மைக்கு நாள் குறிப்பது இரண்டு பக்கமும் இழுபறி. 9 மாதத்தில் போட்டால் ஏறக்குறைய 85 சதக் குழந்தைகளுக்குப் பலிக்கும், 12 மாதத்தில் 95 சதம். நோய் அதிகம் சுற்றாத நாடுகள் 12 மாதம் வரை காத்திருக்கின்றன. இங்கே அந்த மூன்று மாதத்தில் குழந்தைக்கு நோய் வந்துவிடலாம் என்பதால் 9 மாதம் முடிந்ததும் போட்டு, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டாவதை “ஊக்க ஊசிதானே” என்று விடுகிறார்கள். அது ஊக்கத்துக்கு அல்ல, முதல் ஊசி பலிக்காத அந்த 15 சதத்தைப் பிடிப்பதற்கு. உங்கள் பேரப்பிள்ளை அந்த 15இல் இருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஊரில் தட்டம்மை பரவினால் 6 மாதத்திலேயே ஒன்று போடுவார்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் 9 மாத ஊசியையும் போட வேண்டும்.

மறுகேள்வியின் இரண்டாம் பாதியில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தட்டம்மை வந்து பிழைத்த தாயிடம் எதிர்ப்புரத அளவு அதிகம், அதனால் பிள்ளையிடமும் சில மாதம் கூடுதலாக நிற்கும். நம் நாட்டில் பொதுத் திட்டத்தில் தட்டம்மை ஊசி 1985இல் வந்தது. இன்றைய தாய்மார்களில் பலர் ஊசியால் எதிர்ப்புப் பெற்றவர்கள். அவர்கள் குழந்தைகளுக்கு 6 மாதத்துக்கு முன்பே பாதுகாப்பு தீர்ந்துபோவது உண்டு. ஆனால் அந்தச் சில மாதக் கூடுதலுக்கு விலை, அந்தத் தாய் சிறுமியாக இருக்கும்போது நிமோனியா, மூளைக்காய்ச்சல், பார்வை இழப்பு என்ற ஆபத்துகளைத் தாண்டி வருவது. அதோடு தட்டம்மை, உடம்பு மற்ற நோய்களுக்குச் சேர்த்து வைத்த நினைவு அணுக்களில் ஒரு பகுதியையும் அழித்துவிடும். சரியான வழி, 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் நடுவே குழந்தையைச் சுற்றி இருக்கும் பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் இரண்டு ஊசியும் முடித்திருப்பது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

தாயிடமிருந்து வருவது எப்போதும் நன்மையே என்றும் எண்ண வேண்டாம். டெங்கு ஏற்கெனவே வந்த தாயின் எதிர்ப்புரதம் பிறந்தவுடன் குழந்தையைக் காக்கும். அதுவே குறைந்து அரைகுறையாக நிற்கும் 6 முதல் 9 மாதத்தில் டெங்கு வைரஸ் புகுந்தால், அதை அணுக்களுக்குள் நுழைய உதவி, நோயைக் கடுமையாக்கும். ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்கு டெங்கு என்றால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் வைப்பது இதனால்தான்.

குறைமாதமாகப் பிறந்துவிட்டால் பலர் “உடம்பு தேறட்டும்” என்று ஊசியைத் தள்ளுகிறார்கள். கொடி வழியாகக் குறைவாக வாங்கிய குழந்தைக்குத்தான் ஊசி சீக்கிரம் வேண்டும். பிறந்த தேதியிலிருந்தே வாரம் எண்ணுங்கள், அளவையும் குறைக்க வேண்டாம். குழந்தைக்கு ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் மட்டும் அதைச் செவிலியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதில் வேறொருவரின் எதிர்ப்புரதம் இருக்கிறது, தட்டம்மை ஊசியை அது பலிக்காமல் செய்யும். ஏற்றிய வகையையும் அளவையும் பொறுத்துச் சில மாதம் முதல் 11 மாதம் வரை தள்ளிப் போடச் சொல்வார்கள். பென்டாவைத் தள்ள வேண்டியதில்லை.

பதில் 5: செவிலியர் பயிற்சியாளர், கோபி வட்டாரம்

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். 9 மாசம்னா 9 மாசம் முடிஞ்சு, அதாவது 270 நாள் ஆனதும். ஊருக்குப் போறோம், நோம்பி வருதுன்னு ஒரு மாசம் முன்னாடியே போடச் சொல்லிக் கேக்கறாங்க, அதுல பலன் குறையும். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கி 4 மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது, பிசிஜியும் அப்படித்தான். அதனால முகாம் நாள்ல நேரத்தோட போங்க. மருமகளோட கர்ப்ப அட்டையையும் குழந்தை அட்டையையும் ஒரே உறையில வைங்க. டிடி எப்பப் போட்டோம்னு அடுத்த கர்ப்பத்துல தேட வேண்டியதில்லை.